பெறுவதற்கு ஆளில்லாத நன்றி



புதிய ஊருக்குச் செல்கிறவர் காட்சிகளைத் தேடுகிறார். பழகிய ஊருக்குத் திரும்புகிறவர் முகங்களைத் தேடுகிறார். கடந்த டிசம்பர் மாதத்தில், மாணவனாய் நான் மூன்று ஆண்டுகள் வாழ்ந்த லண்டன் மாநகருக்கு மீண்டும் சென்றபோது இதனை உணர்ந்தேன். காலை எட்டு மணிக்குத்தான் விடிந்து, மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாயும் அந்தக் குளிர்காலம் மாறவில்லை. தேம்ஸ் நதியின் ஈரக்காற்றும் மாறவில்லை. சுரங்க ரயில் நிலையங்களின் படிகளைக்கூட என் கால்கள் மறக்கவில்லை.

அங்கே எனது முதல் குளிர்காலத்தில், சபையிலிருந்த மூதாட்டி ஒருவர், மறைந்த தம் கணவரின் கம்பளி மேலங்கியை எனக்குத் தந்தார். அளவில் சற்றுப் பெரியது. எனினும் மூன்று குளிர்காலங்களும் அதுவே என்னைக் காத்தது. தாயகம் திரும்பிய பின்னரும் கிறிஸ்துமஸ்தோறும் அவருக்குக் கடிதம் எழுதிவந்தேன். கடைசிக் கடிதத்திற்குப் பதில் வரவில்லை. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததை இம்முறை சபையார் சொல்லி அறிந்தேன். அவர் வாழ்ந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. சன்னலில் பிள்ளைகள் ஒட்டிய காகித நட்சத்திரங்கள் தெரிந்தன. நேரில் சொல்ல நினைத்த நன்றியை இனி யாரிடம் சொல்வது?

அந்நகரின் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஆண்டுதோறும் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் இதற்கு விடை தருகிறது. 1940ஆம் ஆண்டு ஜெர்மானியப் படைகள் நார்வேயைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு அரசர் ஏழாம் ஹாக்கோனும் அவரது அரசாங்கமும் லண்டனில் அடைக்கலம் பெற்றனர். போர்க்கால உதவிக்கு நன்றியாக ஆஸ்லோ நகர மக்கள் 1947 முதல் ஒவ்வோர் ஆண்டும் அந்த மரத்தை அனுப்புகின்றனர். ஆஸ்லோவை அடுத்த காடுகளில் வெட்டப்படும், ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள ஊசியிலை மரம் கடல் கடந்து வருகிறது. அன்று உதவியவர்களில் மிகப்பெரும்பாலோர் இன்று இல்லை. ஆயினும் மரம் வருகிறது. அதன் ஒளியில், அந்தப் போரைப் பற்றி ஏதுமறியாத பிள்ளைகள் நின்று மகிழ்கிறார்கள்.

சுகம்பெற்ற பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டுமே இயேசுவிடம் திரும்பி வந்ததை நாம் அறிவோம். அவனுக்கு விழுந்து வணங்க அவருடைய பாதம் அருகில் இருந்தது. நமக்கு நன்மை செய்த மனிதர்கள் எப்போதும் அவ்வாறு காத்திருப்பதில்லை. பள்ளிக் கட்டணம் செலுத்திய பெரியப்பா, ஜெபிக்கக் கற்றுத்தந்த ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, பசித்த வேளையில் சோறிட்ட அண்டைவீட்டார் எனப் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிறார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் செலுத்துவோம். அவர்கள் செய்ததை இன்னொருவருக்குச் செய்வோம். அந்த மூதாட்டியும் என்னிடம் கைம்மாறு எதிர்பார்த்து மேலங்கியைத் தரவில்லையே!

பிரியமானவர்களே, உங்களைக் காத்த மேலங்கி எது? உங்கள் சபைக்கு இந்த மாதம் புதிதாய் வந்து, கடைசி வரிசையில் தனியே அமர்ந்திருப்பவர் யார்? வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் சென்று, பெயரைக் கேளுங்கள். உங்கள் வீட்டிற்கு உணவருந்த அழையுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.