டீக்கடையிலிருந்து ஜிம்முக்கு

தமிழ்நாடு அரசு முத்திரையில் நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரமா, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலக் கோபுரமா? இதை எங்கள் பக்கத்து டீக்கடை எதிலாவது கேட்டுவிட்டு ஓரமாக நின்று பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டால் பதில் சீக்கிரம் வந்துவிடும்: 11 நிலை, 192 அடி, இதற்கு மேல் என்னய்யா அத்தாட்சி? ராஜபாளையத்தில் கேட்டால் அவ்வளவு லேசில் முடியாது. ஓவியர் மதுரையைப் பார்த்துத்தான் வரைந்தார் என்பார் ஒருவர். முத்திரை வந்தது 1949இல், அப்போது முதல் மந்திரி நம்ம ஊர்க்காரர், அவர் பக்கத்து ஊர்க் கோபுரத்தை விட்டுக்கொடுப்பாரா என்பார் அடுத்தவர். அதெல்லாம் அவருக்கு முந்தின ஓமந்தூரார் காலத்திலேயே முடிவான சங்கதி என்று மூன்றாவதாக ஒருவர் குறுக்கே பாய்வார். அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் நான்தான்.

இரண்டு ஊருக்கும் நடுவே 11 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு முதலமைச்சரே தடுக்கி விழுந்திருக்கிறார். 1898இல் ராஜபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பொறுப்பை ஏற்றார். அவர் ஆண்ட மாகாணம் வடக்கே ஒரிசா எல்லை வரை போயிற்று. 1952இல் வந்த முதல் பொதுத் தேர்தலில் அவர் தோற்றது எங்கோ ஆந்திரப் பகுதியில் இல்லை. இதோ இந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில். பிறகு அதே ஒரிசாவுக்கு ஆளுநராகப் போனார். குடியிருந்த வீட்டைப் பொதுவுக்குக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்துக் காந்தி கலை மன்றம் அதுதான். 15 வருஷம் கழித்து, 1967இல், விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். அந்த 1,285ஐ எங்கள் மாவட்டத்தில் பொடியன்கூடச் சொல்வான். இப்படிப்பட்ட மண்ணில் அரசியல் பேசாமல் ஒருவன் டீ குடிக்க முடியுமா?

நான் வக்கீல் குமாஸ்தா. வீடு ராஜபாளையம், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் எனக்குப் பிழைப்பு அங்கே. காலையில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு டீ, ஒரு தினத்தந்தி, அதை நாலு தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பது. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பியதும் இன்னொரு டீ, இன்னொரு சுற்றுப் பேச்சு. எந்த ஒன்றியத்தில் யார் யாருக்கு ஆகாது, எந்தப் பூத்தில் எந்தத் தெரு ஓட்டு, எவருக்கு சீட் கிடைக்காததால் எவர் உள்குத்து வேலை பார்த்தார், எல்லாம் விரல் நுனியில். செய்தது என்னவென்றால் ஓட்டுப் போட்டேன். எந்தக் கட்சி அட்டையும் என்னிடம் கிடையாது. ஜவஹர் மைதானத்துக் கூட்டங்களில் கடைசி வரிசைக்கும் பின்னால் சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்டவன். என்னைப் போன்றவர்களின் அரசியல் ஆர்வம் பார்வையாளன் ஆர்வம். காசு செலவில்லாமல், தோற்கவே முடியாமல், எப்போதும் சரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் சுகம் அதில் உண்டு. ஜெயித்தவரைப் பற்றி ‘நான் அப்பவே சொன்னேன்’ என்றால் போதும். தோற்றவரைப் பற்றியும் அதையே சொல்லலாம்.

பேப்பர் மட்டும் இருந்த காலத்தில் இதற்கு ஒரு அளவு இருந்தது. டீ தீர்ந்தால் சண்டையும் தீர்ந்துவிடும். எதிர்க்கட்சிக்காரர்தான் நம் கையில் இருக்கும் தாளை வாங்கிப் படிக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. கைப்பேசி வந்தபின் சண்டை வீட்டுக்கும் கூடவே வந்தது. ராத்திரி ஒன்பது மணி விவாதம், அதன் துண்டு வீடியோ, அந்தத் துண்டுக்கு ஒரு பதில் துண்டு. தூங்கப் போகும்போது எவனோ ஒரு செய்தித் தொடர்பாளர்மேல் கோபத்தோடு போவது, எழுந்ததும் அந்தக் கோபத்தைத் தேடி எடுப்பது. இதற்கிடையில் சர்க்கரை வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று 2023இல் கணக்கு வெளியானபோது அதை எந்த ஆட்சியின் தவறு என்று டீக்கடையில் விவாதித்தவன்தான் நான்.

டாக்டர் மாத்திரை எழுதினார். கூடவே அவர் சொன்ன விஷயம் எனக்குப் புதிது. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான்; அதிலும் தொடையும் பிட்டமும் பெரிய கிடங்குகள். வயதாக ஆகத் தசை கரையும், கிடங்கு சுருங்கும், சர்க்கரை போக இடமில்லாமல் ரத்தத்திலேயே நிற்கும். நடந்தால் நல்லது, ஆனால் நடை மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குங்கள் என்றார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னதும் இதேதான்: வாரம் 150 நிமிடமாவது நடை மாதிரியான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. கேஸ் கட்டைத் தூக்குவதெல்லாம் கணக்கில் வராதாம்.

கோர்ட் முடிந்து வரும் வழியில் ஒரு மாடியில் ஜிம். சாயங்கால அரசியல் பேச்சை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். மாஸ்டருக்கு என் மகன் வயது. முதலில் ‘சார்’ என்றான், இரண்டு வாரத்தில் ‘அண்ணாச்சி’ ஆகிவிட்டேன். எடை போடாமல் வெறும் பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னான். ஸ்குவாட் என்று பெயர். எங்கள் அப்பா காலத்தில் பஸ்கி. உட்கார்ந்தேன். எழுந்திருப்பதுதான் பிரச்சினை. மறுநாளைவிட அதற்கு மறுநாள் தொடை அதிகமாக வலித்தது. அப்படித்தான் வலிக்கும், இழைகள் லேசாகக் கிழிந்து திரும்பக் கட்டிக்கொள்கின்றன என்றான். தசை ஜிம்மில் வளர்வதில்லையாம். தூங்கும்போதும் தின்னும்போதும்தான் வளர்கிறதாம். முட்டையும் சுண்டலும் கடலையும் தின்னச் சொன்னான். புரோட்டாவைக் குறைக்கச் சொன்னான். அதுவும் எங்கள் பக்கம் எண்ணெயில் பொரித்தெடுக்கும் புரோட்டா. அதைக்கூட விட்டுவிடலாம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விஷயம் வேறு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் இல்லாதது. பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் கடை. அரசியலை விட்டது அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஜிம்மில் எனக்குப் பிடித்துப்போனது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். உடம்பு வாய்தா கொடுக்காத கோர்ட். இந்த வாரம் 30 கிலோ எழுந்தது என்றால் எழுந்தது. அடுத்த வாரம் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ பிளேட் ஏறும், மொத்தம் 32.5. எழவில்லை என்றால் அதற்கு டெல்லியையோ சென்னையையோ காரணம் சொல்ல முடியாது. முந்தின நாள் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தேன் என்று மாஸ்டர் கேட்பான். நான் ஓட்டுப் போட்டவர் ஜெயித்தபோது என் முழங்கால் இருந்தபடியேதான் இருந்தது, தோற்றபோதும் அப்படியே. இங்கே ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு பலன் தெரிகிறது. பேருந்துப் படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

இதைச் சொல்லும்போதே கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது. 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பித்ததிலிருந்து இந்த ஊர் நூலில்தான் நடக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் சைடர் வேலை பார்க்கும் பெண் ஷிப்டு முழுக்க இழை முடிந்துகொண்டே மெஷின் நீளத்துக்கு நடக்கிறாள், திரும்புகிறாள், மறுபடி நடக்கிறாள். மாதச் சந்தா கட்டி டிரெட்மில்லில் நடக்கும் என்னைப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்?

அரசியலை விட்டுவிட்டு ஜிம்முக்குப் போவது என்பதே இந்தக் காலத்து யோசனை. முன்பு அதற்கு அவசியமே இருக்கவில்லை. கட்சிப் படிப்பகமும் தேகப் பயிற்சி சாலையும் பல ஊர்களில் ஒரே தெருவில், சில ஊர்களில் ஒரே கொட்டகையில் இருந்தன. காலையில் கர்லாக்கட்டை சுற்றியவன் மாலையில் அங்கேயே உரக்கப் பத்திரிகை வாசித்தான். இதற்குப் பெரிய முன்னோடி வ. வே. சு. ஐயர். 1910 ஏப்ரலில் அரவிந்தர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதே வருஷம் அக்டோபரில் ஐயரும் வந்தார். இருவரும் பிரிட்டிஷ்காரனுக்குத் தப்பி வந்தவர்கள். அரவிந்தர் அரசியலைக் கழற்றி வைத்துவிட்டு யோகத்துக்குப் போனார். ஐயர் எதையும் கழற்றவில்லை. இளைஞர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார், கம்பனைச் சொல்லிக்கொடுத்தார், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பின்னாளில் அவர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பந்தி பிரித்துச் சாப்பாடு போட்டது பெரிய அரசியல் சண்டையாகி, அவருக்குத் தீராத பழியும் வந்தது. 1925இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். எங்கள் ஊருக்கு மேற்கே தெரியும் இதே மலைத்தொடர்தான் அதுவும். அரவிந்தர் கதைக்கும் ஒரு வால் உண்டு. 1940களில் அவருடைய ஆசிரமத்தில் உடற்கல்வி பெரிய அளவில் வந்தது. 1949இல் தொடங்கிய அதன் உடற்கல்வி இதழில் அவரே கட்டுரை எழுதினார்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. உடம்பை வளர்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவர்கள். கலிபோர்னியாவில் அர்னால்டு 2003இல் ஆளுநரானார். 1974இல் மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆணழகன் பட்டம் வாங்கிய சரத்குமார், 2011இல் எங்களுக்குத் தெற்கே தென்காசியில் எம்.எல்.ஏ. ஆனார். ஆனால் எம்.ஜி.ஆருக்கு முன்னால் இவர்கள் எம்மாத்திரம். உடற்பயிற்சியில் அவர் கறார் ஆள். இருந்தாலும் 1967 ஜனவரியில் சுடப்பட்டு, கழுத்தில் கட்டோடு படுத்திருந்த படத்தைத் தெருத்தெருவாக ஒட்டி, பரங்கிமலையில் பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். 1984இல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரியில் இருந்தபடி ஆண்டிபட்டியில் ஜெயித்தார். திடமான உடம்பைவிடக் காயம்பட்ட உடம்புக்குத்தான் ஜனங்கள் உருகினார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. அந்தக் கழுத்துக் கட்டும் நம்ம தறியில் ஓடினதுதான் என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் சத்தியம் செய்வார். ஆதாரம் கேட்டால் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அரசாங்கமும் எங்களை விட்டபாடில்லை. ஒரு ஆட்சி ஊராட்சிகளில் அம்மா உடற்பயிற்சிக் கூடம் கட்டியது. அடுத்த ஆட்சி 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை குறித்து, ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று பெயர் வைத்தது. தம்புல்ஸ் தூக்குகிறவர் ஒரு கட்சி, காலாற நடக்கிறவர் ஒரு கட்சி என்று பிரித்துப் பேசவும் எங்கள் டீக்கடையில் ஆள் இருந்தது.

‘இருந்தது’ என்று எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது நான் அங்கே அதிகம் போவதில்லை. இந்தக் கைமாற்றத்தில் எனக்கு நஷ்டமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆண்கள் ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொள்ளத் தெரியாத ஊர் எங்களுடையது. ‘உங்க ஆளு என்னய்யா இப்படிப் பண்ணிட்டாரு’ என்று ஆரம்பித்துத்தான் மகள் கல்யாணம் வரை, வாங்கின கடன் வரை போவோம். அரசியல் அதற்கு ஒரு வாசல். ஜிம்மில் அந்த வாசல் கிடையாது. ஆளாளுக்குக் காதில் இயர்போன், எதிரே கண்ணாடி, கண்ணாடிக்குள் அவரவர் தோள். ஒருவர் கொஞ்ச நாள் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பவர் இல்லை. டீக்கடையில் ஒரு காலை தவறினால் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே 90 விநாடி ஓய்வு. மாஸ்டர் கைப்பேசியில் மணி வைத்திருப்பான். போன மாதம் அந்த இடைவெளியில் அவனே கேட்டான்: “அண்ணாச்சி, நம்ம மாவட்டம் விருதுநகர்தானே. எம்.பி. மட்டும் ஏன் தென்காசி?”

வெகுநாள் கழித்து ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி 234, மக்களவைக்கு 39, வகுத்துப் பார், ஆறு என்றேன். ஆறு ஆறாகக் கட்டுகிறார்கள், மாவட்ட எல்லையைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. மணி அடித்தது. தூக்கிவிட்டு வந்து, நம் மாவட்டத்தின் ஏழு தொகுதிகள் மூன்று எம்.பி.க்களுக்குப் பிரிந்து கிடக்கின்றன, இரண்டு தென்காசிக்கு, நாலு விருதுநகருக்கு, திருச்சுழி ராமநாதபுரத்துக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி மணி. மூன்றாவது ஓய்வில் 2008 மறுவரையறைக்கு வந்தேன். அதுவரை ராஜபாளையம் தனித்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் பொது. 2011 சட்டமன்றத் தேர்தலில் அது அப்படியே தலைகீழானது.

பக்கத்து பெஞ்சில் படுத்திருந்த பையன் ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். “மாத்தினா யாருக்கு லாபம் அண்ணாச்சி?”

“அது பெரிய கதை” என்று நான் ஆரம்பிக்க, “அது பெஞ்ச் பிரஸ் அன்னைக்கு, இப்ப பாருக்கு அடியில போங்க” என்றான் மாஸ்டர்.