ஒழுகாத கதவு



நம் ஆம்பூரில் டேனரி டிரம்மைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆளுயரத்துக்கும் மேலான அந்த மரப் பீப்பாய், வயிறு நிறையத் தண்ணீரும் தோலுமாக மணிக்கணக்கில் சுற்றுகிறதே, ஏன் ஒழுகுவதில்லை? என் சித்தப்பா டிரம் வேலை செய்யும் தச்சர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பலகைகளைப் பக்கம் பக்கமாக நெருக்கி அடுக்கி, சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு முடுக்குகிறார்கள். புது டிரம்மில் தண்ணீர் விட்டால் முதலில் இடுக்கெல்லாம் கசியும். சித்தப்பா பதறவே மாட்டார். "ஒழுவட்டும் வுடுடா, மரம் தண்ணி குடிக்கணும்" என்பார். ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் உப்பும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வது இதனால்தான். வெளியே இரும்புப் பட்டை பிடித்திருப்பதால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இடுக்கை மூடிவிடும். எந்தத் தண்ணீர் கசிந்ததோ அதே தண்ணீர்தான் ஓட்டையை அடைக்கிறது! டிரம்மைக் காயவிட்டால் மரம் சுருங்கி மறுபடி ஒழுகும். அதனால் வேலை இல்லாத நாளிலும் அதை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

ஆனால் தோலைப் போட்டு எடுக்க ஒரு கதவு வேண்டுமே! அங்கே இந்த வித்தை பலிக்காது. கதவும் உப்பி இறுகிவிட்டால் எப்படித் திறப்பது? அதனால் கொஞ்சம் இடைவெளி விட்டு, குக்கர் மூடியில் இருப்பதுபோல் ரப்பர் வைத்து, மேலே கட்டை கொடுத்து முடுக்குகிறார்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். மாற்றி மாற்றிச் சமமாக முடுக்க வேண்டும். மரப்படகில் சாமான் வைக்கும் அறையின் மூடிக்கும் இதே முறைதான். படகில் தண்ணீர் உள்ளே வரக் கூடாது, டிரம்மில் வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் போகக் கூடாது? பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பும், பதனிடப் போடும் குரோமும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்று மாசு பற்றி 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் தீர்ப்பு வந்தது.

எங்கள் பாட்டி ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வாயில் வைக்க முடியாது, ஒரே உப்பு. ஆனால் எங்கள் வீட்டு அரிசியும் என் ஸ்கூல் ஃபீஸும் அந்த டிரம்மிலிருந்துதான் வருகின்றன. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கதவு ஒழுவாம பாத்துக்கறது என் வேல. கதவத் தொறந்த பின்னாடி தண்ணி எங்க போவுதுன்னு பாக்கறது யார் வேலடா?"

நண்பர்களே, நம்மில் பலர் நாளை இந்தத் தொழிலுக்குத்தான் போகப்போகிறோம். சித்தப்பாவின் கேள்விக்கு அப்போது நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

- பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு