அம்மம்மாவின் தரை

தோழியின் வீடு வல்வெட்டித்துறையில், கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிறது. விடுமுறையில் போயிருந்தபோது, நான் லுஹர் தொழுவதற்காக அவளுடைய அம்மம்மா அறையைக் கூட்டி, துவைத்த வெள்ளைத் துணியை விரித்துத் தந்தார். வெளியே சித்திரை வெயில். ஸுஜூதில் நெற்றி பட்டபோது, அந்தப் பழைய சிவப்புச் சீமெந்துத் தரையின் குளிர்மை துணியையும் தாண்டி ஏறியது.

பின்னேரம் ரொறன்ரோவிலிருந்து மாமா காணொளியில் அழைத்தார். அவர் வாங்கியிருப்பதும் பழைய வீடுதான். பின் அறைத் தரையைக் கிளப்பி வேலை நடந்தது. சூடு நிலத்துக்குள் இறங்காதிருக்க முதலில் காப்புப் பலகை. அதன்மேல் வளைத்து வளைத்து மின்கம்பி. அதன்மேல் சாந்து பூசி மாபிள். தரை உயர்ந்ததால் கதவின் அடியையும் அறுக்க வேண்டி வந்ததாம். முழு வீட்டுக்கென்றால் சுடுநீர்க் குழாய் பதிப்பார்கள், ஓர் அறைக்குக் கம்பி போதும் என்றார். அடுப்பின் புகையைத் தரைக்கல்லின் கீழே ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கும் கொரியரின் ‘ஒந்தோல்’ முறை பல நூற்றாண்டுகள் பழையது என்று பின்னர் வாசித்தேன்.

எல்லாம் அம்மம்மாவுக்காகத்தான். போன பனிக்காலத்தில் அங்கே போனவர், கால் விறைப்புத் தாங்காமல் மூன்றாம் மாதமே திரும்பிவிட்டார்.

“29 பாகைக்கு மேலை போகாதம்மா. எங்கட ஊர்ச் சூடுதான். வெறுங்காலோட நடக்கலாம்.”

யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. பிறந்த ஊரை மாமா ஓர் அறைக்குள் பதித்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசியை வைத்த பிறகு அம்மம்மா சொன்னார்: “இஞ்சை கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இலை அமெரிக்கா மட்டும் போனது. அப்ப போனவைக்காகப் பெண்டுகள் கரையிலை காத்திருந்தினம். இப்ப என்ர பிள்ளை அங்கை காத்திருக்கிறான். போகட்டோ பிள்ளை?”

‘போய் வாருங்கள், இந்தத் தரை எங்கே போகப்போகிறது’ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் விட்டுவந்த வீட்டின் தரையைப் பற்றி என் உம்மும்மா இன்றும் பேசுவார். அங்கிருந்த முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது சில மணி நேரந்தான். பூட்டிய வீடு அப்படியே இருக்கும் என்று நம்பித்தான் அவரும் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

“திறப்பை இவளிடம் குடுத்திட்டுப் போங்கோ அம்மம்மா. நாங்கள் கூட்டித் துடைச்சு வைப்போம்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் நான் தொழுத துணியை மடித்து அலுமாரியில் வைத்தார். அடுத்த முறைக்கும் அது வேண்டும் என்றார்.