கமர்ஷியல் ஆயிட்டாங்களா?

ஹாஸ்டல்ல ஒரு ராத்திரி பெரிய சண்டை. கல்ச்சுரல்ஸுக்காக ஜூனியர் பசங்க 'வாத்தி ரெய்டு' போட்டு ஆடிக்கிட்டு இருந்தாங்க. "இந்தப் பாட்டை எழுதினது அறிவு தான்"னு ஒருத்தன் சொன்னான். "ஆமா, அவரும் கமர்ஷியல் ஆயிட்டாரு"ன்னு நான் வாயை விட்டேன். அங்க ஆரம்பிச்சது ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் முடிஞ்சது. மறுநாள் இன்டர்னல் டெஸ்ட் வேற.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டோட முதல் கச்சேரி 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்துல நடந்தது. பா. ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கின 19 பேர் குழு. பேரே அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்தின சொல்லுல இருந்து வந்தது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில. அப்போ நான் எட்டாவது படிச்சுக்கிட்டு இருந்தேன், இது எதுவும் எனக்குத் தெரியாது. லாக்டவுன்ல யூடியூப்ல தற்செயலா மாட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கல.

ஏன்னா எங்க தாத்தா பறை அடிச்சவர். நான் படிச்சது விழுப்புரத்துல ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். தாத்தா என்ன வேலை செஞ்சார்னு கேட்டப்போ "ஃபார்மர்"னு சொன்னவன் நான். கூலிக்கு நாத்து பிடுங்கினதும் விவசாயம் தானே, பொய் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இந்தப் பேண்டு வந்த பிறகுதான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்ற தைரியமே வந்தது. அப்படிப்பட்ட குழுவுல இருந்த ஒருத்தர் ஹீரோவுக்குப் பாட்டு எழுதினா எனக்கு என்னவோ என் கையில இருந்ததைப் பிடுங்கி வித்த மாதிரி இருந்தது.

என் ரூம்மேட் ஒரு பாப் டிலன் பைத்தியம். அவன் 1965க்குப் போயிட்டான். அந்த வருஷம் ஜூலை 25, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அதுவரைக்கும் ஒரு மரக் கிட்டாரும் மவுத் ஆர்கனுமா மேடையேறின டிலன், எலெக்ட்ரிக் கிட்டாரும் பேண்டுமா வந்து நின்னார். கூட்டத்துல ஒரு பகுதி கூச்சல் போட்டது. அடுத்த வருஷம் இங்கிலாந்துல மான்செஸ்டர் கச்சேரியில ஒருத்தன் எழுந்து "யூதாஸ்!"னு கத்தினான்.

எங்க ஊரு முகையூர். மாதா கோயில் ஊரு. யூதாஸுன்னா என்னன்னு சின்னப் பிள்ளைக்குக் கூட தெரியும், முப்பது வெள்ளிக்காசு. "சரியாத்தான் கத்தியிருக்கான்"னேன்.

"டேய், உன் பேண்டு முதல் நாளே கலப்படம் தானேடா? சாவு வீட்டுல பாடின கானாவுக்குப் பக்கத்துல கிட்டாரைக் கொண்டு வந்து வச்சதே அவங்கதான். அப்ப நீ ஏன் யூதாஸுன்னு கத்தல?"

பதில் இல்ல. அதனால குரலை உயர்த்தினேன். ஹாஸ்டல் விவாதத்துல அதுவும் ஒரு டெக்னிக்.

அப்புறம் பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வந்தேன். தாத்தா திண்ணையில உட்கார்ந்திருந்தார். நான் பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி, "பறை நம்ம ஒரிஜினல் இசை தாத்தா. நீ ஏன் அதை விட்ட? மாமா எதுக்கு டிரம்பெட்டுக்குப் போனாரு?"ன்னு கேட்டேன்.

தாத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல்ல படுத்திருந்தாலும் ஊருக்குள்ள சாவுன்னா போயாவணும்டா. வரமாட்டேன்னு சொல்ல முடியாது. வைக்கோலக் கொளுத்தி தோலக் காய்ச்சிக்கினு வெளியவே நிக்கணும். குடுக்கறது கொஞ்சம் நெல்லு, சாராயத்துக்குச் சில்லறை. ஒரு நாளு எங்க தெரு ஆளுங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து, இனிமே அடிக்கறதில்லன்னு முடிவு பண்ணோம். அத விட்டதுதான்டா எங்களுக்குப் பெரிய விஷயம்."

அவரோட பறை பரண்ல கிடந்து, தோலை எலி தின்னு போச்சாம்.

இப்படி முடிவெடுத்தது எங்க தெரு மட்டும் இல்லன்னு பிறகு படிச்சேன். தமிழ்நாட்டுல பல காலனிகள்ல சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்னு நிறுத்தியிருக்காங்க. இன்னொரு பக்கம் திண்டுக்கல் சக்தி கலைக்குழு, மணிமாறனோட புத்தர் கலைக்குழு எல்லாம் அதே பறையை மேடைக்குக் கொண்டு வந்தாங்க. விட்டதும் மானத்துக்காக, திரும்ப எடுத்ததும் மானத்துக்காக. இதுல எது 'ஒரிஜினல்'?

மாமா அன்னைக்குத் தேர்பவனிக்குத் தயாராகிக்கிட்டு இருந்தார். பேண்டு செட் யூனிஃபார்ம், தொப்பி, அயர்ன் பண்ண பேன்ட். இப்ப கீபோர்டும் ரிதம் பேடும் வாங்கியாச்சு. மாதா பாட்டும் வாசிப்பாங்க, அனிருத்தும் வாசிப்பாங்க. "கமர்ஷியல் ஆயிட்டீங்க மாமா"ன்னு கிண்டல் பண்ணேன். "அட்வான்ஸ் வாங்காம எவன் வூட்டுக்கும் போறதில்லடா மாப்ள"ன்னு சிரிச்சாரு. தாத்தாவும் சிரிச்சாரு. அவங்க சிரிச்ச அளவுக்கு அதுல ஜோக் எதுவும் இருந்ததா எனக்குத் தெரியல.

அதுக்காக அறிவு எழுதின எல்லாமே எனக்குப் பிடிச்சுப் போச்சுன்னு இல்ல. ஹீரோ பாட்டுல வார்த்தை எல்லாம் ஹீரோவைச் சுத்தியே வட்டம் அடிக்குது, அந்தக் குறை இன்னும் இருக்கு. ஆனா 2018ல 'காலா'வுக்கு 'உரிமையை மீட்போம்' எழுதினதும் இவர்தான், அதுவும் ரஜினி படம். ஆக, பிரச்சினை சினிமாவும் இல்ல, சத்தமும் இல்ல. 2021ல 'எஞ்சாயி எஞ்சாமி' பெரிய ஹிட். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாவோட வாழ்க்கையில இருந்து அறிவு எழுதின பாட்டு. அதே வருஷம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீ இருந்தாங்க, அறிவு இல்ல. ரஞ்சித் வெளிப்படையாவே கேட்டார். பாட்டு விலை போனதைப் பத்தி ராத்திரி முழுக்கக் கத்தின நான், எழுதினவன் முகம் காணாம போனதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. 2024ல அந்தப் பாட்டி பேரிலேயே 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம் வந்தது. நான் இன்னும் முழுசாக் கேட்கல. ரசிகனாம்.

மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐ.டி. ஆஃபர்ல கையெழுத்துப் போட்டவன் தானே நானும். அதை ஏன் ரூம்மேட் அன்னைக்குச் சொல்லிக் காட்டலன்னு இன்னும் ஆச்சரியம். அவனும் போட்டிருக்கான், அதனாலயா இருக்கும்.

சாயங்காலம் தாத்தாவுக்கு போன்ல அந்தப் பேண்டோட பழைய வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டினேன். காதுகிட்ட வச்சுக்கிட்டார். கட்டில் சட்டத்துல விரல் தானா தட்ட ஆரம்பிச்சது. வலது கை அடிக்குச்சி மாதிரி, இடது கை சுண்டுக்குச்சி மாதிரி. எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி விட்டவர்.

"இது சாவு அடி இல்லியே"ன்னார்.

"இல்ல தாத்தா."

போனைக் கண்ணுக்கிட்ட கொண்டு போய்ப் பார்த்தார். "கோட்டு போட்டுக்கினு அடிக்கிறானுவ." அப்புறம், "அட்வான்ஸ் வாங்குவாங்களா?"

"வாங்குவாங்க."

"எவ்ளோ?"

எனக்குத் தெரியல.