துணையால் வந்த தேர்ச்சி

கூட்டத்தில் நிற்கும்போது மறைந்திருக்கும் குறை, தனித்து நிற்கும்போது வெளிப்பட்டுவிடும். மனிதருக்குரிய இவ்வியல்பைக் கணினி நிரல்களிடத்தும் கண்டு நான் வியந்ததுண்டு.

2015-ஆம் ஆண்டு முதல் நிலையான பதிப்பு கண்ட ரஸ்ட் என்னும் நிரல்மொழியில், பல பகுதிகளைக் கொண்ட மென்பொருளைக் கட்டியெழுப்பும் பொறுப்பைக் கார்கோ என்னும் கருவி ஏற்கிறது. அப்பகுதிகள் பொதுவான நிரலகங்களைப் பகிர்ந்துகொள்ளும். நிரலகத்தின் சில வசதிகள், வேண்டுவோர் கேட்டால் மட்டுமே சேர்க்கப்படும். ஒரே நிரலகத்தை நாடும் இரு பகுதிகள் வெவ்வேறு வசதிகளைக் கேட்குமாயின், கார்கோ இரண்டையும் சேர்த்து அந்நிரலகத்தை ஒரே முறை கட்டி இரண்டிற்கும் வழங்கும். சிக்கனமான ஏற்பாடுதான், சிக்கலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நாங்கள் உருவாக்கிய மென்பொருளில் வழங்கிக்கு ஒரு பகுதியும் கைப்பேசிக்கு ஒரு பகுதியும் இருந்தன. நாள் கணக்கிடும் நிரலகத்தில், தேதியை எழுத்தாக மாற்றித் தரும் வசதியை வழங்கிப் பகுதி முறையாகக் கேட்டிருந்தது. கைப்பேசிப் பகுதியோ கேளாமலே பயன்படுத்தி வந்தது. முழுவதையும் ஒருங்கே கட்டியபோது பிழையேதும் எழவில்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கைப்பேசிப் பகுதியை மட்டும் தனியே கட்டினார், பிழைச்செய்தி வந்தது. "எங்களுக்கு வருவதில்லையே! உங்கள் கணினியில்தான் கோளாறு" என்றனர் மூத்தோர். இரண்டு நாள் அவர் தம் கணினியையே குடைந்துகொண்டிருந்தார். ஈற்றில் கண்டது, அமைப்புக் கோப்பில் விடுபட்டிருந்த ஒரே சொல்லை. அதுவும் அவர் பணிக்கு வருமுன்பே விடுபட்டது.

2021-இல் வெளிவந்த ரஸ்ட் 1.51 பதிப்பு, இத்தகைய கலப்பைச் சில இடங்களில் தடுக்கும் புதிய முறையைத் தந்தது. எனினும், ஒருங்கே கட்டப்படும் பகுதிகளுக்கிடையே வசதிகள் ஒன்றுசேர்வது இன்றும் இயல்பே. ஆதலின், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கட்டிப் பார்ப்பதே காப்பு.

ஆசிரியர் அறியாததன்று இது. முப்பது மாணவர் ஒருமித்துச் செய்யுள் ஒப்பிக்கையில், உதடு மட்டும் அசைப்பவனும் தேர்ந்தவனாகவே தோன்றுவான். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்கும் ஆசிரியருக்கே உண்மை புலப்படும். தனியே நின்று "எனக்கு வரவில்லை" என்பவன் குறையைப் படைத்தவனல்லன். முன்பே இருந்ததைக் காட்டித் தந்தவன். அவனைக் கடிந்துகொள்ளுமுன், அவன் காட்டும் இடத்தை ஒருமுறை நோக்குதல் நம் கடமையன்றோ?