முந்தானையில் துடைத்த கை

திங்கள், இரவு

அம்பத்தூர் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் வார்டுதான் கண்ணுக்குள் நிற்கிறது. மழை பிடித்ததிலிருந்து சளியும் இளைப்புமாகக் குழந்தைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆறாவது கட்டிலில் ஆவடிக் குழந்தை, எட்டு மாதம், நிமோனியா. தணிந்திருந்த காய்ச்சல் இன்று மறுபடி ஏறிவிட்டது, கூடவே வயிற்றுப்போக்கு. ஏழாவது கட்டில் குழந்தைக்கு வந்த நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு. ஒரு கிலுகிலுப்பை இரண்டு கட்டிலுக்கும் போய்வந்ததைப் பார்த்தேன். பார்த்தும் வாங்கி வைக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

செவ்வாய்

காலை ஏழிலிருந்து பதினொன்றுக்குள் ஆவடிக் குழந்தையை நான் தொட்டது ஐந்து முறை. அம்மா தொட்டதை எண்ணி மாளவில்லை. பால் கொடுப்பது, மூக்குத் துடைப்பது, டயப்பர் மாற்றுவது, நெபுலைசர் மாஸ்க்கைப் பிடிப்பது எல்லாம் அவள்தான். எங்களுக்குப் பயிற்சி உண்டு. அவளுக்கு நாங்கள் கொடுத்தது, "கை கழுவும்மா" என்ற அதட்டல் மட்டும்.

புதன்

இன்று அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துப் பொறுமையாகத்தான் கழுவினாள். கழுவிய கையை முந்தானையில் துடைத்தாள். காலையிலிருந்து குழந்தையின் வாயையும் மூக்கையும் துடைத்த அதே முந்தானை. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? துடைக்க அங்கே வேறென்ன இருக்கிறது?

மணிக்கட்டில் திருவேற்காட்டுக் கோயில் கயிறு, நனைந்து கறுத்திருந்தது. அவிழ்க்கத் தயங்கினாள். "பர்ஸ்ல பத்திரமா வைங்கம்மா, வீட்டுக்குப் போய்க் கட்டிக்கலாம்" என்றேன். வைத்துக்கொண்டாள்.

வியாழன்

மதியம் குழந்தைகளோடு இருக்கும் வீட்டார் எட்டுப் பேரை உட்காரவைத்துப் பேசினேன். கையில் அழுக்குத் தெரியாதபோது ஹேண்ட் ரப் போதும், 20–30 விநாடி தேய்க்க வேண்டும். டயப்பர் மாற்றினால், வயிற்றுப்போக்கு இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40–60 விநாடி. மருந்து ஏற்றும் ஊசி (வென்ஃப்ளான்) போட்ட இடம் நனையக் கூடாது. சிவந்தாலோ வீங்கினாலோ, தொட்டால் குழந்தை சிணுங்கினாலோ உடனே கூப்பிட வேண்டும். பாட்டில் வேண்டாம், பாலாடையைக் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். கிலுகிலுப்பையும் செல்போனும் கட்டில் விட்டுக் கட்டில் போகக் கூடாது. சொன்னதோடு விடாமல் ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொன்னேன்.

அவர்களில் ஒருவரான பூந்தமல்லி ஆயா கேட்டார்: "டாக்டர் கை கழுவாம தொட்டா நான் கேக்கலாமா சிஸ்டர்?"

"கண்டிப்பா கேளுங்க ஆயா."

இப்படி வீட்டாரைப் பழக்குவது புதிதல்ல. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை வார்டுக்குள்ளேயே பெற்றோரை விட்டு, கை கழுவுவதில் தொடங்கிப் பராமரிப்பைப் பழக்கினார்கள். வீட்டார் உள்ளே வந்தால் கிருமி கூடுமே என்ற பயம் பலருக்கு. தொற்று கூடவில்லை, தாய்ப்பால் கிடைப்பதுதான் கூடியது. 2017-இல் மத்திய அரசு அதற்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. வாசலில் நிறுத்தி விரட்டுவதைவிட உள்ளே அழைத்துக் கற்றுக்கொடுப்பதே சரி என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

சனி

ஆவடிக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு குறைந்திருக்கிறது. காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை.

சாயங்காலம் குழந்தையின் அப்பா தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார். குழந்தையை நோக்கி நீண்ட கையைத் தடுத்து, அம்மா அவரைக் கை கழுவத் தொட்டிக்கு அனுப்பினாள். கழுவிவிட்டு, ஈரக் கை இரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி வார்டு நடுவே நின்றார். எதில் துடைப்பதென்று தெரியவில்லை. பேப்பர் டவல் கேட்டு ஸ்டோருக்கு இன்டென்ட் கொடுத்து மூன்று நாளாகிறது. திங்களன்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.