டிராக்டரின் பசி

உங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். ஸ்கூட்டர் வைத்திருப்பவரைக் கேட்டால், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கொஞ்சம் கூட்டியே சொல்வார். ஆனால், ஒரு டிராக்டர்க்காரரிடம் போய், "ஐயா, ஓர் ஏக்கர் உழுவதற்கு எத்தனை லிட்டர் டீசல் ஆகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதர் வானத்தைப் பார்ப்பார். பிறகு, "மணிக்கு நாலு, நாலரை குடிக்கும்" என்பார். நீங்கள் கேட்டது ஏக்கர்க் கணக்கு. அவர் சொன்னது மணிக் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை பணம் புகையாகப் போகிறது தெரியுமா?

'டிராக்டருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். நீங்கள் உலையில் போடும் அரிசிக்குள்ளும், குழந்தைக்கு நறுக்கிக் கொடுக்கும் மாம்பழத்துக்குள்ளும் டீசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விலையில் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் வலது கைப்பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விடாதீர்கள். சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால், கூடவே மேற்குத் தொடர்ச்சி மலை ஓடி வரும். மலைக்காட்டில் நரை அணில்களுக்காக 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. அடிவாரத்தில் தென்னையும் மாவும். கண்மாய்ப் பாசனத்தில் நெல். கிழக்கே போகப் போகக் கரிசல், பருத்தி, மக்காச்சோளம். அடிவாரத்துச் செவலை உழுவது ஒரு வேலை. ஈரம் காய்ந்து இறுகிய கரிசலை உழுவது முற்றிலும் வேறு வேலை. ஒரே டிராக்டர் காலையில் இங்கேயும் மாலையில் அங்கேயும் போய் வருகிறது. டீசல் கணக்கு மட்டும் எங்கே போனாலும் "மணிக்கு நாலு, நாலரை"தான்!

என் தாய்மாமன் இந்தப் பகுதியில் ஒரு டிராக்டர் வைத்திருக்கிறார். சொந்த நிலம் கொஞ்சம்; மற்றபடி அக்கம்பக்கத்தில் ஆண்டுக்கு 300 ஏக்கர் வரை வாடகை உழவு. டிராக்டர்க் கடன் இன்னும் அடையவில்லை. சென்ற ஆண்டு ஆடியில் நான் போயிருந்தபோது மாமா முகம் சரியாக இல்லை.

"டிரைவரை மாத்தணும் மாப்பிளே. பையன் கை சுத்தமில்லே."

"என்ன மாமா, பத்து வருஷமாக இருக்கிற பையன் ஆயிற்றே?"

"பத்து வருஷமா இருந்தா? டீசல் எங்கே போகுதுங்கேன். போன வருஷம் போட்டதுக்கு இந்த வருஷம் ஒண்ணேகால் பங்கு போடுதேன். அதே காடு, அதே கலப்பை. டாங்கிலே ஓட்டையா இருக்கு?"

டிரைவர் தம்பி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "அண்ணாச்சி, வேணும்னா டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை நீங்களே வச்சுக்கிடுங்க" என்று மட்டும் சொன்னான். மாமா அதையும் செய்துவிட்டார். பூட்டுப் போட்டும் டீசல் குறையவில்லை. மாமாவுக்குச் சந்தேகமும் குறையவில்லை. கள்ளச் சாவி இருக்கிறதோ என்று வேறு யோசிக்க ஆரம்பித்துவிட்டார்!

அத்தைதான் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். அத்தை மாடு வைத்திருப்பவள். பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றுகிறவள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் அத்தை வீட்டு மாடுகளுக்கும் பங்கு உண்டு. "காலையிலே அளக்கேன், சாயங்காலம் அளக்கேன். எந்த மாடு எவ்வளவு தின்னு எவ்வளவு கறக்குதுன்னு கேளுங்க, சொல்லுதேன். நீங்க வாங்கின டீசலைத்தானே எழுதி வச்சிருக்கீங்க? உழுத காட்டை எழுதினீங்களா?" என்றாள்.

இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி டாங்கை வாய்வரை நிரப்ப வேண்டும். அளந்து வைத்த நிலத்தை உழ வேண்டும். திரும்பி வந்து, அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தி, அளவுக் கேனால் மறுபடியும் வாய்வரை நிரப்ப வேண்டும். எத்தனை லிட்டர் ஊற்றினோமோ அத்தனைதான் உழவுக்கு ஆனது. டிராக்டர் சற்றுச் சாய்ந்து நின்றாலும் கணக்கு ஏமாற்றிவிடும். அதனால்தான் இடம் மாறக்கூடாது.

அளந்து வைத்த ஒரே காட்டில், ஒன்பது கொத்துக் கலப்பையைப் போட்டு, ஓர் ஏக்கரை டிரைவர் தம்பி உழுதான். அடுத்த ஏக்கரை மாமாவின் மகன் உழுதான். மாமா வேப்பமரத்தடியில் கேனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் 6 லிட்டரை ஒட்டியே வந்தது. பத்து வருஷம் கூட இருந்தவன் மேல் விழுந்த பழி அரை நாளில் நீங்கிவிட்டது. மாமா ஒன்றும் பேசவில்லை. அன்று மத்தியானம் தம்பியைத் திண்ணையில் தனியே உட்காரவிடாமல், உள்ளே கூப்பிட்டுத் தம் பக்கத்தில் இலை போடச் சொன்னார்.

திருடன் இல்லையென்றால் டீசல் எங்கே போகிறது? இனி அதைத் தேட வேண்டுமல்லவா?

முதல் குற்றவாளி பின் டயர். சுண்ணாம்புக் கட்டியால் டயரில் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தோம்: 42 மீட்டர். கலப்பையை மண்ணில் இறக்கி மறுபடியும் பத்துச் சுற்று: 31 மீட்டர்தான்! பாக்கி 11 மீட்டர் என்ன ஆயிற்று? சக்கரம் நின்ற இடத்திலேயே சறுக்கிச் சுழன்றிருக்கிறது. நூற்றுக்கு 26 பங்கு. பத்து முதல் பதினைந்து வரை சறுக்கினால் தோஷமில்லை. கொஞ்சமும் சறுக்காமல் இருக்க வேண்டுமென்று அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால், அந்தப் பாரத்தை இழுக்கவே டீசல் போகும். கால்பங்கு சறுக்குவது என்றால் அநியாயம்! டயரின் பற்கள் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தன. யாரும் கவனிக்கவில்லை, வண்டிதான் ஓடிக்கொண்டிருந்ததே!

சக்கரத்தின் மகிமையை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாள் தேர் மரச் சக்கரத்தில் ஓடிய காலத்தில் நிலைக்கு வந்து சேர நாட்கள் ஆகும். இரும்புச் சக்கரம் வந்த பிறகு அந்தப் பாடு இல்லை. அதே மாதிரி பாரம், அதே மாதிரி வடம், சக்கரம்தான் வேறு.

இரண்டாவது குற்றவாளி காற்று வடிகட்டி. அதன் அடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று உண்டு. திறந்து பார்த்தால் எண்ணெயைக் காணோம். களிமண் பிசைந்து வைத்தது மாதிரி இருந்தது. போதிய காற்றில்லாமல் எஞ்ஜின் மூச்சு முட்டினால் டீசல் முழுவதும் எரியாது. கரும்புகையாக வெளியே வரும். கரும்புகையைப் பார்த்து "வண்டி நல்லா இழுக்குது" என்று மகிழ்ந்துபோகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது இழுப்பதன் அடையாளம் அல்ல ஐயா, இளைப்பதன் அடையாளம்!

மூன்றாவதாக, தேய்ந்து மழுங்கிய கொழு. மழுங்கிய அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நான்காவது பாட்டரி. பாட்டரிக்கும் டீசலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். பாட்டரி பலவீனமாக இருந்தால், ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயத்தில் டிரைவர் வண்டியை அணைக்கவே மாட்டார். டீக்கடை வாசலில் அவர் ஒரு டீ குடிப்பதற்குள் டிராக்டரும் தன் பங்குக்குக் குடித்துக்கொண்டு நிற்கும்.

ஐப்பசி உழவுக்குள் மாமா டயர் மாற்றினார். வடிகட்டியைச் சுத்தம் செய்து புது எண்ணெய் விட்டார். கொழுவைக் கொல்லனிடம் கொடுத்தார். பிறகு அளந்தபோது ஏக்கருக்கு 5 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. ஏக்கருக்கு ஒரு லிட்டர் மிச்சம் என்றே வையுங்கள். 300 ஏக்கருக்கு 300 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கிற டீசலில், வருஷத்துக்கு 27,000 ரூபாய்! புது டயர் தன் விலையைத் தானே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது.

ஓட்டுகிற விதத்திலும் மிச்சம் பிடிக்கலாம். இலேசான உழவுக்கு ஒரு கியர் மேலே போட்டு, ஆக்ஸிலேட்டரைக் குறைத்துக்கொண்டால், அதே வேகத்தில் குறைந்த டீசலில் வேலை முடியும். ஆனால், எஞ்ஜின் முனகினாலோ கரும்புகை கக்கினாலோ உடனே கியரைக் குறைத்துவிட வேண்டும். ரோட்டவேட்டருக்கு இந்த வித்தை பலிக்காது. எஞ்ஜின் வேகம் குறைந்தால் அதன் கத்திகளின் வேகமும் குறைந்துபோகும்.

இப்படி அளந்து பார்க்கும் புத்தி உலகத்துக்கு எப்போது வந்தது என்பது ஒரு சுவையான கதை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் வில்மட் குரோசியர் என்று ஒரு விவசாயி. 'ஃபோர்டு' என்ற பெயரைப் பார்த்து ஒரு டிராக்டர் வாங்கினார். அதற்கும் ஹென்றி ஃபோர்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது! வேறொரு கம்பெனி அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விற்ற சரக்கு. வாங்கியவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. குரோசியர் சட்டசபைக்குப் போனார். எந்த டிராக்டரும் சோதனைக்கு உட்படாமல் தம் மாநிலத்தில் விற்கக்கூடாது என்று 1919-ல் சட்டம் வந்தது. 1920 முதல் லிங்கன் நகரில், பல்கலைக்கழகத்திலேயே டிராக்டர்களை ஓட்டிப் பார்த்து, எவ்வளவு குடித்து எவ்வளவு வேலை செய்கின்றன என்று அச்சடித்து வெளியிட்டார்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையோரம் புத்னி என்ற ஊரில் 1955-ல் டிராக்டர் பயிற்சி நிலையம் ஏற்பட்டு, 1959 முதல் சோதனையும் நடக்கிறது. ஒரு கிலோவாட் மணி வேலைக்கு எத்தனை கிராம் டீசல் என்பது அந்த அறிக்கையில் இருக்கும். குதிரை சக்தி எவ்வளவு, நிறம் சிவப்பா நீலமா என்று விசாரித்து டிராக்டர் வாங்குகிறோமே, இந்தக் கிராம் கணக்கை எத்தனை பேர் கேட்கிறோம்?

டிராக்டரை விட்டுத் தள்ளுங்கள். கிணற்று மோட்டார் என்ன குடிக்கிறது என்று மாமாவைக் கேட்டேன். சிரித்தார். 1990-லிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் ஆயிற்றே! காசு கொடுக்காத பொருளை யார் அளக்கிறார்கள்?

மண் வாரும் இயந்திரங்களின் கதை தனி. சீமைக் கருவேல மரங்களை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்ட 2017-ஆம் ஆண்டை ஒட்டி, இந்தப் பக்கத்துக் கண்மாய்களிலெல்லாம் அந்த மஞ்சள் யானைகள் இறங்கின. வெட்டிய மரம் மூட்டம் போட்டுக் கரியாகிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் நம் ஊர் பஸ்கள் கரி வாயுவில் ஓடின என்பது ஞாபகம் வருகிறது. அன்று எண்ணெய்க்குப் பதில் கரி. இன்று கரியாகப் போகிற மரத்தைப் பிடுங்க எண்ணெய்! அந்த இயந்திரத்துக்கும் வாடகை மணிக் கணக்கில்தான்.

அங்கேதான் சிக்கல் இருக்கிறது. தனியார் டிராக்டர் ஆனாலும் சரி, அரசாங்கத்தின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் ஆனாலும் சரி, வாடகை மணிக்கு இத்தனை என்றுதான். மெதுவாக ஓட்டினால் மணிக்கு ஆகும் டீசல் குறையும். மணிக் கணக்கும் கூடும். டிராக்டர்க்காரருக்கு இரட்டை லாபம், நிலத்துக்காரருக்கு இரட்டை நஷ்டம். மணிக்கு 4 லிட்டரில் ஒன்றரை மணி நேரம் உழுதால் ஏக்கருக்கு 6 லிட்டர். மணிக்கு 5 லிட்டர் குடித்தாலும் ஒரே மணியில் முடித்தால் 5 லிட்டர்தான். மணிக் கணக்கில் முதலாவது சிக்கனம். ஏக்கர்க் கணக்கில் இரண்டாவதுதான் சிக்கனம்.

நோட்டுப் புத்தகமும் கையுமாக இருக்கும் மாமா இப்போது, "ஏக்கருக்கு இத்தனை ரூபாய், நேரம் என் பாடு" என்று கேட்டுப் பார்க்கிறார். ஒரு தோப்புக்காரர் மட்டும் சம்மதித்திருக்கிறார். மற்றவர்களுக்கு இதில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாக எண்ணம். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, மணிக்கு எவ்வளவு, அதைச் சொல்லுங்க" என்கிறார்களாம். கரிசல் பக்கம் போனால் ஏக்கருக்கு என்ன விலை சொல்வது என்று மாமாவுக்கும் இன்னும் பிடிபடவில்லை. அதற்கு அடுத்த மழைக்குப் பிறகு கேனை எடுத்துக்கொண்டு மறுபடியும் வேப்பமரத்தடியில் உட்காரப் போகிறாராம். டாங்க் மூடியில் இப்போது பூட்டு இல்லை.